இணையத்தில் வாங்கும் பீங்கானின் வயதும் பிறப்பிடமும்

கிருஷ்ணகிரியில் இருந்தபடி சீன, ஜப்பானியப் பீங்கானை இணையத்தில் வாங்குவோர், பணம் செலுத்தும் முன் அடிப்பாகத்தின் தெளிவான படத்தைக் கட்டாயம் கேட்டுப் பெற வேண்டும். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சுங்கச் சட்டம் 1891 முதல் வற்புறுத்தியதால், ஆங்கில எழுத்தில் ‘நிப்பான்’ (ஜப்பானிய மொழியில் ஜப்பானின் பெயர்) என்றிருப்பது பெரும்பாலும் 1921க்கு முந்தையது, ‘ஜப்பான்’ என்றிருப்பது அதற்குப் பிந்தையது. ஆயினும் ‘நிப்பான்’ முத்திரையைப் போலியாக இடுவோரும் உண்டு. சீனப் பேரரசரின் பெயர்க்குறியை மட்டும் நம்பி விலை கொடுப்பது பெருந்தவறு, ஏனெனில் காங்சி (1662–1722) காலக் குறியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கலைஞர்களே தாராளமாக எழுதினர். பொருள் கைக்கு வந்ததும், மெருகு பூசாத அடிவளையத்தை நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள்: புழங்கித் தேய்ந்ததில் கீறல்கள் பல திசைகளில் ஓடும், உப்புத்தாளால் தேய்த்ததில் ஒரே சீராக இருக்கும். ஓவியம் நுண்புள்ளிகளின் வரிசையாகத் தெரிந்தால், அது தூரிகை வேலையன்று, அண்மைக்கால அச்சு.