கணக்கு எண் மாறியதாக வரும் மின்னஞ்சல்

வாளையாருக்கு அப்பால் கேரளத்தின் கஞ்சிக்கோட்டில் உள்ள ஆலைகளுக்கும் கோவையில் இருந்து உதிரிபாகங்கள் அனுப்பும் நிறுவனங்களுக்கும் இடையே நாள்தோறும் பணம் கைமாறுவதால், “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இம்முறை புதிய எண்ணுக்கு அனுப்புங்கள்” என்று வரும் மின்னஞ்சலைக் கணக்குப் பிரிவினர் நம்பிவிட வாய்ப்பு அதிகம். அனுப்புநர் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம். உண்மையான அஞ்சல் பெட்டியே களவாடப்பட்டிருந்தால் அந்தத் தடயமும் இராது. ஆகவே, மேலாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டுப் பழைய பில்லில் உள்ள எண்ணுக்கு அழைத்து, வழக்கமாகப் பேசுபவரிடமே உறுதிசெய்துகொண்டு பணம் அனுப்புங்கள். ஜிஎஸ்டி எண் தமிழ்நாட்டுக்குரிய 33 என்று சரியாகத் தொடங்குவது சான்றாகாது. அது எல்லா பில்லிலும் அச்சாவதுதானே. பணம் போய்விட்டால் உடனே வங்கிக்குத் தெரிவித்து, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். எல்லைக்கு இருபுறமும் அதே எண்தான்.