தூங்கிப்போன கேம் குழுவை எழுப்புவது எப்படி? எங்கள் ஏரியா அனுபவம்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்பது ஊர் கட்டி, படை திரட்டிச் சண்டை போடும் கம்ப்யூட்டர் கேம். அதற்கான எங்கள் வாட்ஸப் குழுவில் 64 பேர். தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, மணலி என்று எல்லாம் நம்ம வடசென்னை ஆட்கள். 2022 ஏப்ரலில் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பு வந்து, திராவிடர்கள் என்று ஒரு நாகரிகமே கேமில் சேர்ந்தபோது குழு கொதித்தது. உருமி என்ற சுருள்வாளைச் சுழற்றும் வீரன், திரிசடை என்ற போர்க்கப்பல், ராஜேந்திர சோழனின் படையெடுப்பு, ஆளைச் சொடுக்கினால் தமிழில் பதில்! மீன்பிடிப் படகு மற்றவர்களுடையதைவிட 15 கூடுதலாகச் சுமக்கும் என்று தெரிந்ததும் காசிமேட்டுப் பையன்களைக் கையில் பிடிக்க முடியவில்லை. அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தை. கடைசியில் பிறந்தநாள் வாழ்த்தும் குட் மார்னிங் பூப்படமும்தான் மிச்சம்.

இப்போது வாரம் ஒரு நாள் எட்டுப் பேர் உட்காருகிறோம். எப்படி என்று இரண்டு பேர் கேட்டதால் எழுதுகிறேன். கேமை நிறுவுவது, டிஸ்கார்டில் (ஆடிக்கொண்டே குரலில் பேச உதவும் ஆப்) சர்வர் திறப்பது இதையெல்லாம் விளக்கப்போவதில்லை. அது அஞ்சு நிமிட வேலை.

1. முதலில் யார் இன்னும் விளையாடுகிறார்கள் என்று பாருங்கள்

குழுவில் கேட்காதீர்கள், பதில் வராது. கேமை வாங்கி ஆடும் ஸ்டீம் தளத்தில் நண்பரின் பக்கத்தைத் திறந்தால், அவர் பூட்டி வைக்காதவரை, கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆடினார் என்று தெரியும். நான் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். 11 பேர் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள், தனித்தனியாக, கம்ப்யூட்டரோடு. கேம் சாகவில்லை, பேச்சுதான் செத்திருக்கிறது. அந்த 11 பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். மீதி 53 பேரை அப்போதைக்கு மறந்துவிட்டேன்.

2. நாள் குறிப்பது (நான் வழுக்கி விழுந்த இடம்)

சனிக்கிழமை ராத்திரி 9 மணி என்று நானே முடிவு செய்து, எல்லோரையும் டேக் பண்ணி அறிவிப்பு போட்டேன். கட்டைவிரல் மழையாகக் கொட்டியது. வந்தது இரண்டு பேர், அதில் ஒன்று நான்.

அடுத்த வாரம் வாக்கெடுப்பு வைத்தேன். 19 பேர் சனிக்கிழமைக்கே ஓட்டுப் போட்டார்கள். அன்றைக்கு மூன்று பேர் வந்தார்கள். வாட்ஸப் வாக்கெடுப்பை அன்றோடு விட்டேன். அமுக்குவதற்குக் காசா பணமா?

பிறகுதான் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். காசிமேட்டுப் பையன் சிரித்தான்: "அண்ணா, ஞாயித்துக்கிழமை விடியக்காலைல மீன் மார்க்கெட்ல எவ்ளோ கூட்டம்னு உனக்குத் தெரியாதா? சனிக்கிழமை ராத்திரி நான் எப்படி முழிச்சிருப்பேன்?" இந்த ஏரியாவிலேயே பிறந்து வளர்ந்து, ஞாயிறுதோறும் அங்கேதான் சங்கரா வாங்குகிறேன். அது எனக்குத் தோன்றவில்லை. மணலியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர் வேறு கதை சொன்னார்: வாரம் மாறினால் அவருக்கு நேரமே மாறிவிடும்.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். "எப்போ வர முடியும்?" என்றால் எல்லோரும் "எப்போ வேணா" என்பார்கள். "கடைசியா எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு ஆடின?" என்று கேளுங்கள். எங்களுக்குப் புதன் இரவு 9.30 என்று வந்தது. யாருக்கும் பிடித்த நாள் இல்லை, யாருக்கும் இடைஞ்சலும் இல்லை. ஒருமுறை குறித்தால் மாற்றாதீர்கள். மூன்று பேர் வந்தாலும் அன்றைக்கே ஆடுங்கள்.

3. அழைக்காதீர்கள், வேலை கொடுங்கள்

"புதன்கிழமை வா" என்பதைவிட "புதன்கிழமை மேப் (எந்த நிலப்பரப்பில் சண்டை என்பது) நீதான் முடிவு பண்ணணும்" என்றால் ஆள் வருவார். ஒருவருக்கு மேப், ஒருவருக்கு அணி பிரிப்பது, ஒருவருக்கு மறுநாள் படம் போடுவது. பொதுவில் டேக் பண்ணாமல் தனித்தனியாக அனுப்புங்கள். எல்லோரையும் டேக் பண்ணுவது அட்மினுக்குச் சுகம். மற்றவர்கள் குழுவையே ம்யூட்டில் போட்டுவிடுவார்கள்.

4. லாபி (ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் கூடி விதிகளைத் தேர்ந்தெடுக்கும் திரை)

புதியவர் இருந்தால் ட்ரீட்டி என்ற சமாதான நேரத்தை 20 நிமிடம் வையுங்கள், அதுவரை யாரும் யாரையும் அடிக்க முடியாது. கேம் வேகத்தையும் ஒரு படி குறையுங்கள். பழைய புலிகள் முணுமுணுப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள். எட்டாவது நிமிடத்தில் அடிவாங்கி வெளியே போனவர் அடுத்த வாரம் வரமாட்டார். இன்னொன்று: 9.30க்கு ஆட்டம் என்றால் 9 மணிக்கே ஸ்டீமைத் திறக்கச் சொல்லுங்கள். ஒருவருக்கு அப்டேட் பாக்கி இருந்தால் ஏழு பேர் காத்திருக்க வேண்டும்.

5. கேரம் கிளப் விதி

ஒரு ஆட்டத்தில் எட்டுப் பேர்தான் ஆட முடியும். அதற்கு மேல் வந்தால் என்ன செய்வது? இதற்குப் பதில் நம் தெருவிலேயே இருக்கிறது. கேரம் கிளப்பில் தோற்றவர் எழுந்திருப்பார், நிற்பவர் உட்காருவார். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம்ம வடசென்னைப் பெண்தான்; போர்டைச் சுற்றி நின்று ஆட்டம் பார்க்கும் பழக்கம் இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதையே எடுத்துக்கொண்டோம். எழுந்தவர் போய்விடாமல் டிஸ்கார்ட் வாய்ஸ் சேனலில் இருந்து வர்ணனை செய்வார். உண்மையில் பாதிப் பேர் அந்த வர்ணனைக்குத்தான் வருகிறார்கள்.

டிஸ்கார்டா வாட்ஸப்பா? பேச டிஸ்கார்ட், நினைவூட்ட வாட்ஸப். எல்லோரையும் டிஸ்கார்டுக்கு இழுக்கப் பார்த்து ஒரு மாதம் வீணடித்தேன். வியாழன் காலையில் முந்தைய இரவின் ஒரே ஒரு படத்தை வாட்ஸப்பில் போடுவோம், எரியும் கோட்டையோ தப்பி ஓடும் ராஜாவோ. அதைப் பார்த்துத்தான் அந்த 53 பேரில் நால்வர் "யாருடா அது?" என்று எட்டிப் பார்த்தார்கள்.

பின்சேர்க்கை 1: பிஜிஎம்ஐ (போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம்) குழு வைத்திருக்கும் ஒருவர் எழுதியிருந்தார். அந்த கேம் 2022 ஜூலையில் இந்தியாவில் ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டு 2023 மே மாதம்தான் திரும்பியது. அதற்குள் ஆட்கள் சிதறிவிட்டார்களாம். கேம் இல்லாத நாளிலும் அந்த நேரத்தை விடாதீர்கள். லூடோவாவது ஆடுங்கள்.

பின்சேர்க்கை 2: நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். மற்றவர்கள் ஆட்டத்தைச் சேமித்துவிட்டு வெளியேறுங்கள். பிறகு லாபி போடும்போது ரீஸ்டோரைத் தேர்ந்தெடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் அதே ஆட்கள் அத்தனை பேரும் வர வேண்டும். போன மழையில் எங்கள் ஆட்டம் ஒன்று அப்படி நின்று மூன்று வாரம் ஆகிறது. ஏழு பேர் தயார். எட்டாவது ஆள் ஜெயித்துக்கொண்டிருந்தவனாக இருந்திருந்தால் எப்போதோ வந்திருப்பான்.