பழைய காரில் சூடும் சார்ஜும்: எங்கே தொடங்குவது?

கார் சிராங்கூன் ரோட்டு நெரிசலில் ஊரும்போது டெம்பரேச்சர் முள் மேலே போகிறது. அதே வாரத்தில் பேட்டரியும் இறங்கிவிடுகிறது. பலர் இவற்றை இரண்டு தனித்தனிக் கோளாறாக நினைத்து, ரேடியேட்டருக்கு ஒரு பில், பேட்டரிக்கு ஒரு பில் என்று கட்டுகிறார்கள். அவசரப்படாதீர்கள். மோரிஸ் மைனர், மினி, பழைய கொரோலா போன்ற கார்களில் ஃபேன், வாட்டர் பம்ப், பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர் எல்லாவற்றையும் சுற்றுவது ஒரே ஒரு பெல்ட்தான். அது தளர்ந்தால் எல்லாமே சேர்ந்து படுத்துக்கொள்ளும்.

சிங்கப்பூரில் இன்னொரு காரணமும் உண்டு. 35 வயதைத் தாண்டி, பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் பதிவான காரை ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். மற்ற நாள்களில் அது சும்மா நிற்கிறது. தண்ணீர்ப் பாதையில் துரு படிவதற்கும், பேட்டரி முனைகளில் பச்சை பூப்பதற்கும் அந்த ஓய்வே போதும்.

வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர், ஸ்பேனர் செட், சமையல் தெர்மாமீட்டர், தடித்த துணி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை ஓடவிட்டுச் செய்யும் சோதனைகளுக்குத் தெரிந்த வொர்க்‌ஷாப்பில் இடம் கேளுங்கள். நிறுத்திய காரில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம்.

படி 1: பெல்ட்

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியைக் கார் பாடியுடன் இணைக்கும் எர்த் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இரண்டு புல்லிகளுக்கு (பெல்ட் ஓடும் சக்கரங்கள்) நடுவே, பெல்ட் நீளமாகப் போகும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 12 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். அதற்குமேல் இறங்கினால் டைனமோவின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதை வெளியே இழுத்து இறுக்குங்கள். வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக்கிவிடாதீர்கள், பம்பின் பேரிங் போய்விடும்.

இறுக்கம் சரியாக இருந்தும் பெல்ட் வழுக்கினால், டார்ச் அடித்து புல்லியின் பள்ளத்துக்குள் பாருங்கள். பெல்ட் பள்ளத்தின் இரு பக்கச் சுவர்களைத்தான் பிடிக்க வேண்டும். பள்ளத்தின் அடி பளபளவென்று தேய்ந்திருந்தால், பெல்ட் மெலிந்து அடியில் உட்கார்ந்து ஓடுகிறது என்று பொருள். எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போதே இன்னொன்றும் வாங்கி காரின் பின்பெட்டியில் போட்டுவிடுங்கள்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் ரேடியேட்டரே கிடையாது. டைனமோ இருக்கும் அதே அச்சில்தான் குளிர்விக்கும் ஃபேனும் சுற்றுகிறது. ஓட்டும்போது சிவப்பு சார்ஜ் விளக்கு எரிந்தால் "வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள். பெல்ட் போய், ஃபேனும் நின்றிருக்கலாம். உடனே ஓரமாக நிறுத்துங்கள்.

படி 2: எப்போது சூடாகிறது?

இந்தக் கேள்விக்கான பதில் பாதி வேலையை முடித்துவிடும். நெரிசலில் ஏறிய முள், வேகம் பிடித்ததும் இறங்கினால் குறை காற்றோட்டத்தில் இருக்கிறது: ஃபேன், அதைச் சுற்றிய உறை, ரேடியேட்டர் இடுக்குகளில் சேர்ந்த குப்பை. பி.ஐ.இ. விரைவுச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஏறினால் தண்ணீர் ஓட்டத்தைச் சந்தேகியுங்கள். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், அல்லது அதன் கீழ் ஹோஸ் (ரப்பர் குழாய்) பம்பின் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளலாம். இக்னிஷன் டைமிங் (பெட்ரோலுக்குப் பொறி விழும் நேரம்) பின்தங்கியிருந்தாலும் இப்படி ஆகும்.

ரேடியேட்டர் மூடியை எஞ்சின் சூட்டில் ஒருபோதும் திறக்காதீர்கள். ஆறியபின் திறந்து ரப்பர் வாஷரைப் பாருங்கள். சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் தாங்கும் மூடி சரியாக அடைத்திருந்தால் அது ஏறத்தாழ 111 வரை தாங்கும். வாஷர் வெடித்துப்போயிருந்தால் அந்தக் கூடுதல் தாங்குதிறன் போச்சு. அதற்காக 13, 15 என்று பெரிய மூடி போடாதீர்கள், பழைய ரேடியேட்டரின் ஈயப்பற்று பிளந்துகொள்ளும்.

எஞ்சின் சூடான பிறகே ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நூலில் கட்டி, பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். "இந்த ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதற்கு?" என்று அதைத் தூக்கி எறியச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடினால் தேய்மானம் கூடும்.

அதேபோல, பனி பெய்யாத ஊர் என்று வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதும் தவறு. கூலன்ட்டில் இருக்கும் துருத்தடுப்புதான் நமக்கு முக்கியம். பழைய கூலன்ட்டைக் கால்வாயில் கொட்டாதீர்கள். நம் கால்வாய்களில் பல நீர்த்தேக்கத்துக்குத்தான் போகின்றன. பழைய கூலன்ட்டை நக்கிப் பூனைகள் செத்தும்போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தால், எஞ்சினின் மேல்பாகத்தை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அது மெக்கானிக்கின் வேலை.

படி 3: சார்ஜ்

முதலில் பேட்டரியின் எந்த முனை எர்த் என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் பாடியில் இணைந்திருக்கும். கேபிளை மாற்றிப் போட்டால் டேஷ்கேம் முதல் பலி.

இரவு முழுக்க நின்ற 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். 6 வோல்ட் காருக்கு இதில் பாதியாகக் கணக்கிடுங்கள். எஞ்சின் கொஞ்சம் வேகமாக ஓடும்போது 14ஐ ஒட்டி வர வேண்டும். டைனமோ ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல் எஞ்சின் ஓடும்போது) சார்ஜ் செய்யாது, அது அதன் இயல்பு. சிக்னலில் நிற்கும்போது சார்ஜ் விளக்கு மினுக்கினால் பயப்பட வேண்டாம்.

வோல்ட் ஏறவே இல்லையா? லூக்காஸ் டைனமோ என்றால் அதிலுள்ள இரண்டு வயர்களையும் கழற்றி, டி, எஃப் என்று குறித்த முனைகளை ஒரு துண்டு வயரால் இணையுங்கள். மீட்டர் வயரின் ஒரு முனையை அந்த இணைப்பிலும் மற்றதைப் பாடியிலும் வையுங்கள். ஐடிலில் இருந்து மெதுவாக வேகம் கூட்டினால் வோல்ட் தடுமாறாமல் ஏற வேண்டும். 20ஐத் தொடுமுன் நிறுத்திவிடுங்கள். பூஜ்யம் என்றால் டைனமோவுக்குள் இருக்கும் கார்பன் பிரஷ்களைப் பாருங்கள். அரையோ ஒன்றோ காட்டினால் குறை ஃபீல்டு காயிலில் (டைனமோவின் நிலையான சுருள்), 4 அல்லது 5இல் நின்றால் ஆர்மேச்சரில் (சுழலும் சுருள்).

டைனமோ நன்றாக இருந்தால் குறை வயர் வழியில் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது எஞ்சின் உடலுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எஞ்சினைப் பாடியுடன் இணைக்கும் எர்த் பட்டையின் இரு முனைகளையும் உலோகம் மின்னும்வரை தேய்த்து மாட்டுங்கள். சார்ஜை ஒழுங்குபடுத்தும் கண்ட்ரோல் பாக்ஸைக் கடைசியாகத்தான் தொட வேண்டும்.

படி 4: ஓட்டிப் பாருங்கள்

எனக்குப் பிடித்த பாதை ஓல்ட் அப்பர் தாம்சன் ரோடு. 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி கார் பந்தயம் ஓடிய சாலை, இப்போது மர நிழலில் நிதானமாகப் போகலாம். திரும்பியதும் காரை அணைத்துவிட்டு, மறுநாள் காலை தண்ணீர் மட்டத்தையும் பேட்டரி வோல்ட்டையும் பாருங்கள். வோல்ட் இறங்கியிருந்தால் டைனமோவைத் தொட்டுப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற காரில் அது வெதுவெதுப்பாக இருந்தால் கண்ட்ரோல் பாக்ஸில் கட்-அவுட் பாயின்ட்டுகள் (டைனமோவை பேட்டரியிலிருந்து துண்டிக்கும் தொடுமுனைகள்) ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உடனே பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.