குழுவிலிருந்து விலகிய பாடகர் முதல் தனிப்பாடலை வெளியிடுவது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் பாடகர் எவரும் தனியாக உருவாவதில்லை. கோயில் திருவிழா மேடையிலும் கல்யாண மண்டபத்திலும் உருமி மேளக் குழுவின் ஓரத்திலும் நின்று பாடிப் பழகி, நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரு பெயரும் வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று பாடல்களை வெளியிட்ட பிறகே தனியாகப் பாடிப் பார்க்கலாம் என்னும் ஆசை ஒருவருக்கு வருகிறது. அப்படி விலகி வந்தவர் முதல் வேலையாக ஈப்போ நகரில் ஸ்டூடியோ தேடி ஓடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்கு முன் செய்ய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு.

குழுவின் பழைய பாடல்களைத் திரும்பக் கேட்டு, நீங்கள் மட்டும் பாடிய இடங்களை விநாடிக் கணக்கில் ஒரு தாளில் எழுதுங்கள். நால்வர் பகிர்ந்து பாடிய நான்கு நிமிடப் பாடலில் உங்கள் பங்கு ஒரு நிமிடம் தேறினாலே அதிகம். அந்த ஒரு நிமிடமும் உங்கள் தொண்டைக்கு எளிதாக வரும் இடமாகவே இருந்திருக்கும். உச்சத்தில் நன்றாகப் பாடுகிறவருக்கு உச்ச வரிகளைக் கொடுத்துவிட்டு, கீழ்ஸ்தாயியில் வரும் சரணத்தை வேறொருவர் தாங்கியிருப்பார். தனிப்பாடலில் அந்தச் சரணமும் உங்களுடையதே. ஆகவே மெட்டு அமைப்பவரிடம் போகும் முன், ஆர்மோனியத்தையோ கைப்பேசிச் சுருதிப்பெட்டியையோ வைத்துக்கொண்டு, கீழே எந்தச் சுரம்வரை சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன, மேலே எந்தச் சுரத்தில் குரல் இறுகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சுருதியும் மாற வேண்டும். ஆண்களும் பெண்களும் கலந்த குழுவில் எல்லாருக்கும் பொதுவாக ஏதோ ஒரு கட்டையில் பாடியிருப்பீர்கள். அது யாருக்கும் முழுதாகப் பொருந்தாத சமரசம். இப்போது அரைக்கட்டை ஏற்றியும் இறக்கியும் ஒரே பல்லவியை நான்கு விதமாகப் பதிந்து, மறுநாள் காலையில் கேட்டு முடிவு செய்யுங்கள். இரவில் பாடி இரவிலேயே தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் அதிக உயரத்தையே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

மூச்சு அடுத்த சிக்கல். குழுவில் நீங்கள் மூச்செடுக்கும்போது மற்றவர் குரல் அந்த இடைவெளியை மூடிவிடும். தனியாகப் பாடும்போது அந்த இடைவெளி வெட்டவெளியாக நிற்கும். வரிகள் எழுதும்போதே மூச்சுக்கான இடத்தைக் குறித்து, அங்கே உருமியின் இழுப்பையோ நாதஸ்வரத்தின் ஒரு சிறு பிடியையோ வைக்கச் சொல்லுங்கள். நம் ஊர்க் காதுக்கு இந்த இரண்டும் பழகியவை என்பதால் ஒட்டுப்போட்டது போலத் தெரியாது.

அடுத்து, கூச்சமாக இருந்தாலும் தவிர்க்கக் கூடாத தாள் வேலை. குழுவில் இருப்பவர்கள் மாமன் மச்சான் உறவாகவோ தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தவர்களாகவோ இருப்பார்கள். அவர்களிடம் கையெழுத்துக் கேட்பதா என்று தயங்குவது இயல்புதான். ஆனால் மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை ஒருவர் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும்; ஒட்டுக்கடையில் கோப்பி குடித்துக்கொண்டே கொடுத்த வாக்கு அந்த இடத்தை நிரப்பாது. எந்தப் பாடலின் வரிகள் யாருடையவை, மெட்டு யாருடையது, ஒலிப்பதிவுக்குப் பணம் கொடுத்தது யார், பழைய பாடல்களுக்கு இனி வரும் தொகையை எப்படிப் பிரிப்பது, குழுவின் யூடியூப் கணக்கும் மின்னஞ்சலும் யார் கையில் இருக்கும் என்பனவற்றை ஒரே பக்கத்தில் எழுதி அனைவரும் ஒப்பமிட்டால் போதும். குழுவின் காலத்தில் நீங்கள் தொடங்கி அரைகுறையாக விட்ட மெட்டு ஒன்று இருந்தால் அதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. குழுவின் பெயர் அறிவுசார் சொத்துரிமைக் கழகமான மைஐபிஓவில் வணிக முத்திரையாகப் பதிவாகியிருந்தால், சுவரொட்டியில் அதைப் போடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள்.

எவ்வளவு காலம் காத்திருப்பது? பிரித்தானியப் பாடகர் ஸெய்ன் மாலிக் 2015 மார்ச்சில் தம் குழுவான ஒன் டைரக்‌ஷனை விட்டு விலகினார்; அவருடைய முதல் தனிப்பாடல் 2016 ஜனவரி 29 அன்றுதான் வெளிவந்தது. ஜெரி ஹாலிவெல் 1998 மே மாதம் ஸ்பைஸ் கேர்ள்ஸ் என்ற பெண்கள் குழுவிலிருந்து போய், ஓராண்டு கழித்தே முதல் தனிப்பாடலைத் தந்தார். அந்தப் பாடலின் காணொளியில் அவர் தம் பழைய மேடை உருவத்துக்கே சவ ஊர்வலம் நடத்தினார். கூடப் பாடிய தோழிகளைத் திட்டவில்லை. பெரிய நிறுவனங்கள் பின்னால் இருந்தவர்களுக்கே இத்தனை மாதங்கள் தேவைப்பட்டிருக்க, சனிக்கிழமை விலகி அடுத்த வாரமே டீசர் போடுவது என்ன அவசரமோ எனக்குப் புரியவில்லை. நான்கு மாதமாவது எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாடலைப் பழைய நண்பர்கள்மீது எறியும் கல்லாக ஆக்காதீர்கள்; அந்தக் கதை ஊருக்குள் ஒரு மாதம் ஓடும், ஊருக்கு வெளியே யாருக்கும் விளங்காது.

மொழியைப் பொறுத்தவரை, நம் நாட்டு முன்மாதிரி ஒன்றே போதும். பல மொழிகளில் ராப் பாடிய போயடிக் அம்மோ குழுவிலிருந்து வந்த யோகி பி, நட்சத்திரா குழுவுடன் 2006இல் தந்த தமிழ்த் தொகுப்பின் வழியாகத்தான் தமிழ்நாடுவரை போய்ச் சேர்ந்தார். கோடம்பாக்கத் தமிழை இரவல் வாங்காமல், பால்மரமும் செம்பனையும், தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டும், பசியாறலும் உங்கள் வரியில் இயல்பாக வந்தால் வரட்டும். வலிந்து திணித்தால் சுற்றுலாத் துண்டறிக்கை போல ஆகிவிடும்.

ஒலிப்பதிவில் சிக்கனம் வேண்டுமானால், ஒத்திகைக் குரலை வீட்டிலேயே பதியலாம். தகரக் கூரை வீட்டில் மழை நேரம் ஒன்றும் நடக்காது. பிற்பகல் மழையைக் கணக்கில் வைத்து, இரவு பதினொன்றுக்கு மேல் விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதை நோக்கிப் பாடினால் எதிரொலி பெருமளவு அடங்கும். முதுகுக்குப் பின்னால் மெத்தையைச் சுவரோடு நிறுத்துங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். கம்பி ஹேங்கரை வளையமாக வளைத்து அதன்மேல் பழைய நைலான் காலுறையை இழுத்துக் கட்டினால் ‘ப’, ‘ட’ ஓசைகள் வெடிப்பது குறையும். இந்த ஒத்திகையை மனப்பாடமாகும்வரை கேட்டுவிட்டு ஈப்போவுக்குப் போனால், மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ஸ்டூடியோவில் வரியைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டியிராது.

வெளியிடும் வேலை எளிது, ஆனால் அவசரம் ஆகாது. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோகச் சேவை ஒன்றில் உங்கள் சொந்தப் பெயரில் புதிய கணக்குத் திறந்து, டபிள்யூஏவி ஒலிக்கோப்பையும் 3000க்கு 3000 பிக்சல் அட்டைப்படத்தையும் நான்கு வாரம் முன்னதாக ஏற்றுங்கள். குமார், பிரியா போன்ற பெயர் உடையவர்கள் அப்பன் பெயரையோ ஊர்ப் பெயரையோ சேர்த்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் பாடல் வேறொரு குமாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். 2015 முதல் உலகெங்கும் புதுப்பாடல்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமையில் வெளியாகின்றன. ஸ்போட்டிஃபையின் பாடல் பட்டியல்களுக்கு விண்ணப்பிக்க விரும்பினால் குறைந்தது ஏழு நாள் முன்னதாக அனுப்ப வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் 1000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு அங்கே பணம் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்திய வாரங்களை விட்டுவிடுங்கள். அப்போது எல்லாரும் பாடல் போடுகிறார்கள்.

மின்னல் எஃப்எம், ராகா ஆகிய இரண்டு வானொலிகளுக்கும் பாடலோடு வரிகளைத் தனித்தாளில் தட்டச்சு செய்து, எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களையும் சேர்த்து அனுப்புங்கள். வரியோ மெட்டோ உங்களுடையதானால் பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களின் பதிப்புரிமை அமைப்பான எம்ஏசிபியில் உறுப்பினராகி, அந்தப் பாடலை அங்கே பதிந்துவிடுங்கள். வானொலியில் ஒலிப்பதற்கான படைப்பாளர் தொகை அந்த வழியாகத்தான் வரும்.

வெளியான பிறகு முதல் மேடை பெரும்பாலும் உங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவாகவே இருக்கும், அங்கே பழைய குழுவும் அழைக்கப்பட்டிருக்கும். வரிசை முறையை ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர்களுக்கு முன்னால் பாடும் இடத்தை வாங்கிக்கொள்ளுங்கள். குரல் இல்லாத மைனஸ் ஒன் இசையை இரண்டு பென்டிரைவில் வைத்திருங்கள், கைப்பேசியில் மூன்றாவது பிரதி இருக்கட்டும். ஒலிபெருக்கி அண்ணனிடம் மாலையிலேயே போய், எக்கோவைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி, நீங்கள் குறித்து வைத்த அந்தக் கீழ்ஸ்தாயிச் சரணத்தை ஒருமுறை பாடிக் காட்டுங்கள்.