பழைய கோப்ரா ரெப்ளிகா: எண்களைப் படியுங்கள்

பிரிட்டனில் பழைய கோப்ரா ரெப்ளிகா (1960களின் ஏசி கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரின் நகல்) வாங்குமுன், வி5சி எனும் வாகனப் பதிவு ஆவணத்திலுள்ள சேஸிஸ், எஞ்சின் எண்களை வண்டியில் பொறித்தவற்றோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் எண் ஒத்துவராவிட்டால், பெரும்பாலும் எஞ்சினை மாற்றிவிட்டுப் பதிவைத் திருத்தாமல் விட்டிருப்பார்கள்.

எஞ்சின் ஃபோர்டு வி8 என்றால், அதன் பிளாக்கில், அதாவது எஞ்சினின் முக்கிய உலோக உடலில், உள்ள வார்ப்பு எண்ணையும் பாருங்கள். முதல் எழுத்து சி 1960கள், டி 1970கள், இ 1980கள். அடுத்த இலக்கம் ஆண்டு. ‘டி8’ என்றால் 1978. இது வடிவமைப்பு ஆண்டுதான். வார்த்த தேதிக்குத் தனிக் குறியீடு உண்டு. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

எம்ஓடி எனும் ஆண்டு வாகனத் தகுதிச் சோதனையின் வரலாறு இணையத்தில் இலவசம். மைல் கணக்கு திடீரெனக் குறைந்தால் மீட்டர் மாறியிருக்கலாம்.

‘கியூ’ எழுத்தில் தொடங்கும் நம்பர் பிளேட்டைக் கண்டு ஒதுக்காதீர்கள். வண்டியின் வயதோ அடையாளமோ உறுதியாகவில்லை என்றே அதற்குப் பொருள். பாக ரசீதுகளும் கட்டுமானப் படங்களும் கொண்ட கோப்புதான் முக்கியம். அதில் இல்லாத பிரேக், கார்புரேட்டர் கண்ணில் பட்டால் விற்பவரிடம் விளக்கம் கேளுங்கள். காப்பீட்டாளரிடமும் அந்த மாற்றத்தைச் சொல்லியாக வேண்டும்.