நண்பர்களோடு சேர்ந்து ஆண்டின் சிறந்த வீடியோ கேமைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

2019ஆம் ஆண்டின் சிறந்த வீடியோ கேம் எது? அமெரிக்காவின் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் 'செகிரோ' வென்றது. பிரிட்டனின் பாஃப்டா 'அவுட்டர் வைல்ட்ஸ்' என்றது. பொதுமக்கள் வாக்களிக்கும் கோல்டன் ஜாய்ஸ்டிக் விருது 'ரெசிடென்ட் ஈவில் 2'க்குப் போனது. கேம் உருவாக்கும் துறையினரே வாக்களிக்கும் டைஸ், ஜிடிசி ஆகிய இரண்டு விருதுகளையும் ஒரு வாத்து கொத்திக்கொண்டு போனது. 'அன்டைட்டில்டு கூஸ் கேம்' என்பது அதன் பெயர். அதில் நீங்கள்தான் வாத்து. தோட்டக்காரரின் சாவியைத் திருட வேண்டும், அவரைத் தண்ணீரில் நனைய வைக்க வேண்டும், நேரம் கிடைக்கும்போதெல்லாம் கத்த வேண்டும். 'செகிரோ'விலோ எதிரியின் வாளைச் சரியான கணத்தில் தடுக்கத் தவறினால் உயிர் போய்விடும்.

ஒரே ஆண்டு, ஐந்து விருதுகள், நான்கு வெற்றியாளர்கள். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வாக்களித்தவர்கள் வேறு, எண்ணிய முறை வேறு, அதனால் விடையும் வேறு. நீங்கள் நான்கைந்து நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, அல்லது கல்லூரி விடுதியிலோ அலுவலகத்திலோ ஒரு குழுவாக, இந்த ஆண்டின் சிறந்த கேமைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள் என்றால் இதை மட்டும் மனத்தில் வையுங்கள்: கேம்களின் பெயர்களைப் பேசத் தொடங்குவதற்கு முன்பே விதிகளை எழுதிவிட வேண்டும். பெயர்கள் வந்துவிட்டால் ஒவ்வொருவரும் தன் கேமுக்குச் சாதகமான விதியைத்தான் முன்மொழிவார்.

முதல் படி: 'ஆண்டு' என்றால் எது என்று முடிவு செய்யுங்கள்

எளிதாகத் தோன்றும், ஆனால் பாதிச் சண்டை இங்கேதான் வரும். தி கேம் அவார்ட்ஸ் விழா டிசம்பரில் நடப்பதால் நவம்பரிலேயே கணக்கை முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பின் வருபவை அடுத்த ஆண்டுக்குப் போகும். 'சைபர்பங்க் 2077' வெளியான 2020 டிசம்பர் 10ஆம் தேதிதான் அந்த ஆண்டின் விழாவும் நடந்தது. உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை என்று வைத்துக்கொண்டு, வாக்கெடுப்பைப் பிப்ரவரி இறுதியில் நடத்துங்கள். டிசம்பர் கேம்களுக்கும் நியாயம் கிடைக்கும், தள்ளுபடி விற்பனையில் வாங்குபவர்களுக்கும் அவகாசம் கிடைக்கும்.

அடுத்து, எந்தத் தேதியை வெளியீட்டுத் தேதி என்று கொள்வது? 'பால்டர்ஸ் கேட் 3' 2020 அக்டோபரிலேயே முன்வெளியீடாக விற்பனைக்கு வந்துவிட்டது. முழு வடிவம் வந்தது 2023 ஆகஸ்டில். 'ஹேடிஸ்' 2018 டிசம்பரில் முன்வெளியீடு, 2020 செப்டம்பரில் முழு வெளியீடு. பெரிய விருதுகள் முழு வெளியீட்டையே கணக்கில் எடுத்துக்கொண்டன. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பழைய கேம் புதிய மேடைக்கு வந்தால்? 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' கன்சோல்களில் வந்தது 2018இல். கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமுக்கு 2019 டிசம்பரில்தான் வந்தது. 2020ஆம் ஆண்டுக்கான ஸ்டீம் விருதுகளில் ஆண்டின் சிறந்த கேம் அதுதான்! ஸ்டீம் தன் கடைக்கு வந்த நாளைத்தான் பார்க்கும், அது அவர்கள் நியாயம். உங்கள் குழுவில் முதல் வெளியீட்டையே கொள்ளலாம் என்பது என் கட்சி. 1998இல் வந்த கேமை அடியிலிருந்து திரும்பக் கட்டிய 'ரெசிடென்ட் ஈவில் 2' போன்ற மறு ஆக்கங்களைச் சேர்க்கலாம். ஏற்கெனவே உள்ள கேமோடு ஒட்டவைக்கும் கூடுதல் பகுதிகளைச் சேர்க்க வேண்டாம். 2024இல் 'எல்டன் ரிங்' கூடுதல் பகுதியான 'ஷேடோ ஆஃப் தி எர்ட்ரீ' தி கேம் அவார்ட்ஸின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றபோது எழுந்த சச்சரவு போதும்.

இரண்டாம் படி: யாருக்கு வாக்கு?

தி கேம் அவார்ட்ஸில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊடக நிறுவனங்கள் அடங்கிய நடுவர் குழுவின் வாக்குக்கு 90 சதவீத மதிப்பு, பொதுமக்கள் வாக்குக்கு 10 சதவீதம். மக்களை ஏன் இப்படி ஓரங்கட்டுகிறார்கள் என்று கோபப்படுவதற்கு முன் ஸ்டீம் விருதுகளைப் பாருங்கள். அங்கே முழுக்க முழுக்க மக்கள் வாக்குதான். 2023இல் புதுமையான ஆட்டத்துக்கான விருதை 'ஸ்டார்ஃபீல்டு'க்குக் கொடுத்தார்கள். வெளியான பிறகும் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு மெருகேற்றப்படும் கேமுக்கான விருதை, பெரிய புதுப்பிப்புகள் நின்றுபோயிருந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'க்குக் கொடுத்தார்கள். கிண்டலுக்காகவே பலர் வாக்களித்தார்கள் என்ற பேச்சு இன்றும் உண்டு.

சிறிய குழுவுக்கு ஒரு விதி போதும்: விளையாடியவருக்கு மட்டும் வாக்கு. இறுதிப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கேமையும் குறைந்தது இரண்டு மணி நேரம் விளையாடியிருக்க வேண்டும், குட்டிக் கேம் என்றால் முடித்திருக்க வேண்டும்.

யூடியூபில் முழுவதும் பார்த்துவிட்டேன், அது போதாதா என்று கண்டிப்பாக ஒருவர் கேட்பார். போதாது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதையான 'வெண்பா' 2023இல் வந்தது. முதல் பகுதியில் இட்லி அவிக்க வேண்டும். அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் எழுத்து அழிந்திருக்கிறது. மாவு ஊற்றிய தட்டுகளை எப்படி அடுக்கினால் எல்லா இட்லிக்கும் ஆவி போகும் என்பதை நீங்களே யோசித்து அடுக்க வேண்டும். வேறொருவர் அடுக்குவதைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். ஊரைவிட்டு வந்தவள் அரைகுறை நினைவோடு தடுமாறும் தடுமாற்றம் கைக்கு வராது. அந்தக் கேமின் சாரமே அந்தத் தடுமாற்றத்தில்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: பட்டியலைச் சுருக்குங்கள்

ஒவ்வொருவரும் இரண்டு பெயர்கள் தரட்டும். அதிலிருந்து ஐந்துக்குக் கொண்டுவாருங்கள். சுருக்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று: விலை, கருவி, நேரம். குழுவில் ஒருவரிடம் மட்டும் பிளேஸ்டேஷன் 5 இருந்து, அதில் மட்டுமே ஓடும் கேமைப் பட்டியலில் வைத்தால் அது வாக்கெடுப்பு ஆகாது, அவர் வீட்டு விருந்து ஆகிவிடும். ஒன்று, எல்லாரும் அவர் வீட்டுக்குப் போய் விளையாட வேண்டும். இல்லையென்றால் அந்தக் கேமை விட்டுவிட வேண்டும்.

விலை குறைந்தவற்றை ஏளனமாகப் பார்க்காதீர்கள். 2023இல் பாஃப்டாவின் சிறந்த கேம் 'வாம்பயர் சர்வைவர்ஸ்'. கைபேசியில் அது இலவசம். ஒரே ஒருவர் உருவாக்கிய சீட்டாட்டக் கேமான 'பலாட்ரோ' 2024இல் பெரிய நிறுவனங்களின் கேம்களோடு தி கேம் அவார்ட்ஸின் இறுதிப் பட்டியலில் நின்றது. அதுவும் கைபேசியில் கிடைக்கிறது. 2021இல் தி கேம் அவார்ட்ஸை வென்ற 'இட் டேக்ஸ் டூ'வைத் தனியாக விளையாடவே முடியாது, இருவர் வேண்டும். ஆனால் ஒருவர் வாங்கினால் மற்றவர் இலவச நண்பர் அனுமதியில் சேர்ந்துகொள்ளலாம்.

நான்காம் படி: மதிப்பெண் போடாதீர்கள், குறிப்பு எழுதுங்கள்

கிராஃபிக்ஸுக்குப் பத்து, இசைக்குப் பத்து, கதைக்குப் பத்து என்று பிரித்துக் கூட்டும் வழக்கத்தை நான் வெறுக்கிறேன். எல்லாவற்றிலும் ஏழு வாங்கும் சப்பென்ற கேம் ஒன்று இதில் சத்தமில்லாமல் முன்னுக்கு வந்துவிடும். கதையே இல்லாத 'பலாட்ரோ'வுக்குக் கதைக்கு எத்தனை போடுவீர்கள்? நூறு மணி நேரத்தை அநாயாசமாக விழுங்கும் 'பால்டர்ஸ் கேட் 3'யையும் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற 'வெண்பா'வையும் எந்தத் தராசில் வைப்பீர்கள்?

ஒவ்வொரு முறையும் விளையாடி எழுந்ததும் நான்கு வரி எழுதுங்கள். இன்று இதில் என்ன செய்தேன்? வேறு கேமில் செய்ய முடியாத எதையாவது செய்தேனா? எங்கே எரிச்சல் வந்தது? அணைத்த பிறகும் எதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்? கூடவே தேதியையும் கருவியையும் குறித்துவையுங்கள். 'சைபர்பங்க்' வெளியானபோது நல்ல கணினி வைத்திருந்தவர்கள் ஒரு கேமை விளையாடினார்கள், பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர்கள் வேறொன்றை விளையாடினார்கள் என்றே சொல்லலாம். கோளாறுகள் தாங்காமல் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை நீக்கியது. அதே கேம் 2023இல், பல திருத்தங்களுக்குப் பிறகு, தி கேம் அவார்ட்ஸில் தொடர்ந்து மேம்படும் கேமுக்கான விருதை வாங்கியது. எந்த மாதத்தில் எதில் விளையாடினீர்கள் என்பது தெரியாவிட்டால் உங்கள் தீர்ப்புக்கு அர்த்தம் இல்லை.

ஐந்தாம் படி: வாக்கும் எண்ணிக்கையும்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒன்பது பேர், மூன்று கேம்கள் என்று ஒரு கற்பனைக் கணக்கு வைத்துக்கொள்வோம். பெயர்களை மட்டும் 2024இன் பட்டியலிலிருந்து எடுக்கிறேன். ஒவ்வொருவரும் 1, 2, 3 என்று வரிசைப்படுத்துகிறார்.

நான்கு பேர்: வூகாங், பலாட்ரோ, ஆஸ்ட்ரோ பாட்.
மூன்று பேர்: ஆஸ்ட்ரோ பாட், பலாட்ரோ, வூகாங்.
இரண்டு பேர்: பலாட்ரோ, ஆஸ்ட்ரோ பாட், வூகாங்.

முதலிடத்தை மட்டும் எண்ணினால் வூகாங் 4, ஆஸ்ட்ரோ பாட் 3, பலாட்ரோ 2. வூகாங் வென்றது. ஆனால் ஒன்பதில் ஐந்து பேர் அதைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இப்போது கடைசியில் நிற்பதை நீக்கி, அதன் வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றும் முறை. பலாட்ரோ வெளியேறுகிறது, அதன் இரண்டு வாக்குகள் ஆஸ்ட்ரோ பாட்டுக்குப் போகின்றன. 5க்கு 4 என்று ஆஸ்ட்ரோ பாட் வெல்கிறது. இந்த முறை நமக்குப் புதிதில்லை. 1969இல் வி.வி.கிரி குடியரசுத் தலைவரானது இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணிய பிறகுதான். இலங்கையில் 2024 ஜனாதிபதித் தேர்தலில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதுகளும் இப்படித்தான் எண்ணுகின்றன. அங்கே 2021இல் வீடியோ கேமுக்கென்று வைத்த சிறப்புப் பிரிவில் 'ஹேடிஸ்' வென்றது.

மூன்றாவது, புள்ளி முறை. முதலிடத்துக்கு 2, இரண்டாமிடத்துக்கு 1, கடைசிக்கு 0. வூகாங்குக்கு 8, ஆஸ்ட்ரோ பாட்டுக்கு 8, பலாட்ரோவுக்கு 11. பலாட்ரோ வென்றது!

வாக்குச்சீட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை, மூன்று முறைகளிலும் வெற்றியாளர் மட்டும் வேறு வேறு. அதனால்தான் எண்ணும் முறையை வாக்கெடுப்புக்கு முன்பே எழுதி, எல்லாரிடமும் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறேன்.

எதைத் தேர்ந்தெடுப்பது? பத்துப் பேருக்கு உட்பட்ட குழுவுக்கு நான் புள்ளி முறையையே பரிந்துரைப்பேன். எல்லாருடைய எல்லா விருப்பங்களும் கணக்கில் வரும், தாளில் ஐந்து நிமிடத்தில் எண்ணிவிடலாம். அதற்கு ஒரு பலவீனம் உண்டு. தன் கேம் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக, வலுவான போட்டியைத் தெரிந்தே கடைசியில் தள்ளுவார்கள். அதைத் தடுக்க வாக்குச்சீட்டை ரகசியமாக வாங்கி, முடிவு வந்தபின் பெயரோடு வெளியிடுங்கள். கடைசியில் தள்ளியதற்கு எல்லார் முன்னிலையிலும் காரணம் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் கை தானாகவே நேர்மைக்கு வந்துவிடும்.

சமநிலை வந்தால்? அதிக முதலிடங்கள் பெற்றது வெற்றி. அதிலும் சமம் என்றால் இரண்டையும் அறிவித்துவிடுங்கள். காசு சுண்டாதீர்கள்.

ஆறாம் படி: முடிவை அறிவியுங்கள்

வெற்றியாளரின் பெயரை மட்டும் போட்டால் போதாது. முழு வரிசை, புள்ளிகள், எண்ணிய முறை, வாக்களித்தவர்கள் எந்தக் கருவியில் விளையாடினார்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். ஒவ்வொருவரின் குறிப்பேட்டிலிருந்தும் ஒரு வரியை எடுத்து ஒட்டுங்கள், எரிச்சல் வந்த இடத்தையும் சேர்த்து. ஒரே ஒருவர் முதலிடம் கொடுத்து மற்றவர்கள் ஒதுக்கிய கேம் இருந்தால் அதற்கும் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். என் கண்ணில், படிக்கச் சுவையானது பெரும்பாலும் அந்த நான்கு வரிதான்.

பழைய கேம்களை இந்த ஆண்டுதான் கண்டுகொண்டவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்குத் தனிப் பிரிவு ஒன்று வைத்துவிடுங்கள். 2018இல் வந்த 'அமாங் அஸ்' உலகையே பிடித்துக்கொண்டது 2020 ஊரடங்கில்தானே.

அடுத்த ஆண்டுக்கான தாளை இப்போதே தொடங்கிவிடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் வரும் நல்ல கேம்களை ஆண்டிறுதியில் யோசித்தால் யாருக்கும் நினைவு வராது. 'பலாட்ரோ' பிப்ரவரியில் வந்த கேம்.