ஒஃப்: அணைவதும் அதுதான், அலறுவதும் அதுதான்

‘லைற்ற ஒஃப் பண்ணு’ என்று மட்டக்களப்பில் ஆங்கிலம் படிக்காதவரும் சொல்வார். ஒஃப் (off) என்ற ஆங்கிலச் சொல் என்றால் அணைப்பது என்று அப்படியே மனதில் பதிந்துவிடுகிறது. அதனால்தான் ‘த அலாம் வென்ற் ஒஃப்’ என்பதைப் பிள்ளைகள் ‘அலாரம் நின்றது’ என்று எழுதுகிறார்கள். உண்மையில் அலாரம் அடித்தது. ‘த லைற்ஸ் வென்ற் ஒஃப்’ என்றாலோ விளக்குகள் அணைந்துவிட்டன.

ஆகவே எழுவாயைப் பாருங்கள். அலாரம், குண்டு, துவக்கு என்றால் அடிக்கும், வெடிக்கும். விளக்கு, ஃபேன் என்றால் நிற்கும். பாலோ மீனோ என்றால் பழுதாகிவிட்டது, வாங்காதீர்கள்.

பிறகு முன்னால் நிற்கும் வினை. அறிவித்தல் பலகையில் ‘கோல்ட் ஒஃப்’ (called off) என்றிருந்தால் கூட்டமே இல்லை. ‘புட் ஒஃப் ரில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமை நடக்கும். அன்றைக்கு வீட்டில் இருந்துவிடாதீர்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் இருந்து இறங்குவது ‘கெட் ஒஃப்’. காரும் ஆட்டோவும் என்றால் ‘கெட் அவுட் ஒவ்’.

இடத்தைச் சொல்லும்போது ஒஃப் என்பது விலகி நிற்பது. ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் மூழ்கடித்தது ‘ஒஃப் பற்றிக்கலோ’, அதாவது மட்டக்களப்பு ஊருக்கு நேரே வெளிக்கடலில். ‘இன் பற்றிக்கலோ’ என்று எழுதினால் கப்பல் ஊருக்குள் வந்துவிடும்! ‘ஒஃப் த மெயின் றோட்’ என்ற வீடும் பிரதான வீதியில் இராது. பக்கத்து ஒழுங்கைக்குள் தேட வேண்டும்.

கல்முனைக் கடையில் 2,000 ரூபாய்ச் சட்டைக்கு 25% ஒஃப் என்றால் 1,500 கொடுக்க வேண்டும். ‘அப் ரு 50%’ என்று போட்டிருந்தால் 50 என்பது உச்சக் கழிவு. நீங்கள் எடுத்த சட்டைக்கு அது 5 ஆகவும் இருக்கலாம். அறுகம்பையின் ‘ஒஃப் சீசன்’ ஆட்கள் குறைந்த மாதங்கள், அவ்வளவுதான்.

எழுதும்போது ‘ஒஃப் த லைற்’ என்று வினையாக்க வேண்டாம். ‘சுவிட்ச் ஒஃப் த லைற்’, ‘சுவிட்ச் த லைற் ஒஃப்’ இரண்டும் சரி. ‘இற்’ வந்தால் மட்டும் அது நடுவில்தான் நிற்கும்: ‘சுவிட்ச் இற் ஒஃப்’. இரண்டு எஃப் போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டால் அது ‘ஒவ்’ (of) ஆகிவிடும். சந்தேகமென்றால் தொண்டையில் விரல் வைத்துக் கடைசி ஒலியை நீட்டிச் சொல்லிப் பாருங்கள்: அதிர்ந்தால் ஒரு எஃப், வெறும் காற்று வந்தால் இரண்டு.